எலும்பு, ஓவியம், ஊகம்: மறக்கப்பட்ட ஆப்பிரிக்க முகங்கள் எப்படித் திரும்பி வருகின்றன?

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் கொள்ளுத்தாத்தா கோட்டு போட்டிருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட்டு போட்டதே இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்றவரின் முகத்தை வெட்டியெடுத்து, கழுத்துக்குக் கீழே வேறொருவர் உடம்பை ஒட்டிக் கொடுத்தார் ஸ்டுடியோக்காரர். பக்கத்தில் இருக்கும் கொள்ளுப்பாட்டிக்கு அந்த குரூப் போட்டோகூடக் கிடையாது. "பெரிய அத்தை ஜாடைதான், மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஓர் ஓவியர் வரைந்தார். இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரி சட்டம், ஒரே மாதிரி சந்தனப் பொட்டு, ஒரே மாதிரி மாலை. வெளியாள் வந்து பார்த்தால் எது அவருடைய முகம், எது சொல்லக் கேட்டு வரைந்த முகம் என்று கண்டுபிடிக்க முடியாது.

கைபேசியில் சுற்றிவரும் ஆப்பிரிக்க வரலாற்றுப் படங்களும் இப்படித்தான். அங்கோலாவின் ராணி நிஜிங்கா, ரோமானியப் படையை எதிர்த்த அமனிரெனாஸ், மாலிப் பேரரசர் மன்சா மூசா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு "நிஜ முகம்" வருகிறது. தோலின் துளைகள்கூடத் தெரிகின்றன. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் பகிர்கிறது. "எல்லாம் ஏஐ, எல்லாம் பொய்" என்று இன்னொரு கூட்டம் ஒதுக்கிவிடுகிறது. இரண்டு பேச்சும் தவறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலைகளை ஒரே பெயரில் பேசுவதால் வரும் குழப்பம் இது.

முதல் வேலை, மண்டை ஓட்டின் மேல் முகத்தைக் கட்டுவது. இரண்டாவது, பழைய ஓவியத்தையோ சிற்பத்தையோ போட்டோவையோ வைத்துப் புதிதாக வரைவது. மூன்றாவது, கையில் எதுவுமே இல்லாமல் பெயரை மட்டும் வைத்து வரைவது. மூன்றிலும் கடைசியில் கிடைப்பது பளிச்சென்ற ஒரு முகம்தான். எங்கள் வீட்டுச் சட்டம் மாதிரி, வெளிப்பூச்சு எல்லாவற்றையும் சமமாக்கிவிடுகிறது.

மண்டை ஓட்டிலிருந்து முகம்

சுவருக்குப் பூச்சு பூசும் கொத்தனாரைக் கவனித்திருப்பீர்கள். நேராகக் கலவையை அள்ளி அப்ப மாட்டார். முதலில் சுவரில் அங்கங்கே சின்னச் சின்னப் பொட்டாகக் கலவை வைப்பார். இந்த இடத்தில் பூச்சு இவ்வளவு கனம் வரவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. பிறகு அந்தப் பொட்டுகளை மட்டமாக இணைத்துப் பூசிக்கொண்டே போவார்.

மண்டை ஓட்டிலும் இதையேதான் செய்கிறார்கள். எலும்புக்கு மேலே தசை, கொழுப்பு, தோல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனம் என்பதைத் திசுத் தடிமன் என்பார்கள். நெற்றியில் அது சில மில்லிமீட்டர்தான். உங்கள் நெற்றியை விரலால் அழுத்திப் பாருங்கள், உடனே எலும்பு தட்டும். அப்புறம் கன்னத்தை அழுத்துங்கள். விரல் உள்ளே போகும். இப்படி முகத்தின் ஒவ்வோர் இடத்திலும் சராசரிக் கனம் எவ்வளவு என்று, உயிரோடு இருப்பவர்களை ஸ்கேன் செய்து அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு வெட்டிய சிறு குச்சிகளை மண்டை ஓட்டின் நகல் மீது ஒட்டுவார்கள். குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் ஒவ்வொரு தசையையும் களிமண்ணில் வைத்து, மேலே தோலைப் போர்த்துவார்கள். இப்போதெல்லாம் களிமண்ணுக்குப் பதிலாகக் கணினியிலேயே செய்கிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து, அதாவது எக்ஸ்-ரே கதிரால் துண்டு துண்டாகப் படமெடுத்து, மண்டை ஓட்டை முப்பரிமாண உருவமாகத் திரையில் கொண்டுவந்து, அதன் மேல் வேலை பார்ப்பார்கள்.

எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இங்கே முக்கியம். தாடையின் அகலம், நெற்றியின் சாய்வு, கண் குழியின் வடிவம், கன்ன எலும்பின் துருத்தல் எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. மெல்லும் தசை தாடையில் ஒட்டியிருந்த இடம் சொரசொரப்பாக இருந்தால் அந்தத் தசை பலமாக இருந்தது என்று தெரியும். கண்விழி பெரியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர்தான், அதனால் அதில் சிக்கல் இல்லை. மூக்கில் பாதி எலும்பு, பாதி குருத்தெலும்பு. குருத்தெலும்பு மக்கிப் போய்விடும் என்பதால் மூக்கின் நுனி ஓரளவுக்குக் கணிப்பு. உதட்டின் தடிமனும் கணிப்புதான். காதின் வடிவம், தலைமுடி, புருவம், சுருக்கம், ஆள் ஒல்லியா குண்டா என்பது எதையும் எலும்பு சொல்லாது. தோலின் நிறத்தையும் சொல்லாது.

2005இல் பண்டைய எகிப்து அரசர் துட்டன்காமுனின் மம்மியை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எகிப்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று மூன்று குழுக்கள் தனித்தனியாக முகம் செய்தன. அமெரிக்கக் குழுவிடம் அது யாருடைய மண்டை ஓடு என்றே சொல்லவில்லை. மூன்று முகங்களின் அடிப்படை வடிவமும் ஒத்துப்போனது. மூக்கு நுனியிலும் காதிலும் வேறுபட்டன. பெரிய சண்டை வந்ததோ தோல் நிறத்தில். ஏன் இவ்வளவு வெளுப்பாகக் காட்டினீர்கள் என்று அமெரிக்காவில் போராட்டமே நடந்தது. கேட்டவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. எலும்பு சொல்லாத ஒன்றை, எலும்பு சொன்னவற்றோடு ஒரே படத்தில், ஒரே உறுதியோடு காட்டியிருந்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மண்டை ஓடு கிடைத்தால் முகத்தின் கட்டுமானம் கிடைக்கும். அதன் மேல் இருக்கும் நிறம், முடி, காது எல்லாம் செய்பவர் எடுக்கும் முடிவு.

சதர்லாந்தின் ஒன்பது பேர்

இந்த முறையை எனக்கு உண்மையில் புரியவைத்தது தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதில் அரசரும் இல்லை, அரசியும் இல்லை.

2017இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த எலும்புக்கூடுகளின் பதிவேட்டைச் சரிபார்த்தது. சில எலும்புக்கூடுகள் முறைகேடாக வந்தவை என்று தெரிந்தது. அவற்றில் ஒன்பது, வடக்கு கேப் மாகாணத்தில் சதர்லாந்து என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள பண்ணையிலிருந்து வந்தவை. 1920களில் ஒரு மருத்துவ மாணவர் தன் குடும்பப் பண்ணையில் இருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர்கள் தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான சான், கோயி மக்கள். பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டில் பண்ணை வேலையில் அடைபட்டு வாழ்ந்தவர்கள். சிலருடைய பெயர் பதிவேட்டிலேயே இருந்தது: கொர்னேலியஸ் ஆபிரகாம், கிளாஸ் ஸ்டூர்மன், சார்ட்யே. எலும்பைப் பதிவு செய்தவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. தெரிந்தும் அலமாரியில் வைத்திருந்தார்கள்.

பல்கலைக்கழகம் சதர்லாந்துக்குப் போய் வழித்தோன்றல்களைத் தேடியது. எலும்புகளை ஆராயலாமா, என்னென்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று குடும்பங்களிடம் கேட்டது. அவர்கள் சம்மதித்த பிறகுதான் ஆய்வு தொடங்கியது. இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை மட்டுமே ஆராயும் ஒரு கூடம் இருக்கிறது. சி.டி. ஸ்கேன்களை வைத்து அவர்கள் முகங்களைக் கட்டினார்கள். குடும்பத்தார் தங்கள் முன்னோரின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். 2023 நவம்பரில் அந்த ஒன்பது பேரும் சதர்லாந்து மண்ணிலேயே மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த முகங்களிலும் காதும் உதடும் கணிப்புதான். ஆனாலும் என் மதிப்பில், இணையத்தில் மின்னும் நூறு மகாராணிப் படங்களைவிட அவை மேல். யாருடைய முகம் என்று தெரியும், எதிலிருந்து வந்தது என்று தெரியும். அதைவிட, உரிமை உள்ளவர்கள் கேட்டுச் செய்த முகம் அது.

ஒரே எலும்பு, இரண்டு முகம்

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் 2012இல் பழைய பெட்டி ஒன்றில் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ரோமானியர் காலத்தவர். மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்து, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர் என்று கருதினார்கள். கருத்த தோலும் சுருள் முடியுமாக முகம் செய்யப்பட்டது. பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் என்று பெயர் பரவியது, 2016இல் நினைவுப் பலகையும் வைத்தார்கள்.

பிறகு டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தன. எலும்பில் மிஞ்சியிருக்கும் மரபுப் பொருளைப் படிப்பது அது. கடைசியில், 2025இல் வெளிவந்த முடிவு அவர் தெற்கு இங்கிலாந்தின் உள்ளூர்ப் பெண் என்றது. வெளிர்ந்த தோல், நீலக் கண்ணோடு முகம் மறுபடி செய்யப்பட்டது.

எலும்பு மாறவே இல்லை. மாறியது, "இவர் எந்த ஊர்க்காரர்" என்ற ஊகம். அது மாறியதும் முகத்தின் மேற்பரப்பு முழுக்க மாறிவிட்டது. மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்து ஊர் சொல்வது நிச்சயமில்லாத வேலை. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே மனித முகங்களின் வகை அவ்வளவு பரந்தது. ரோமானியர் கால பிரிட்டனில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்பது இதனால் பொய்யாகிவிடாது. கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. இந்தப் பெண் அவர்களில் ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

பார்க்காதவர் வரைந்த ராணி

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். ராணி நிஜிங்கா இன்றைய அங்கோலாவில் ந்தோங்கோ, மதாம்பா நாடுகளை ஆண்டவர். 1663இல் எண்பது வயதையொட்டி இறந்தார். போர்த்துகீசியரோடு பல பத்தாண்டுகள் போரிட்டும் பேச்சு நடத்தியும் நின்றவர். 1622இல் லுவாண்டாவில் போர்த்துகீசிய ஆளுநரைச் சந்திக்கப் போனபோது அவருக்கு நாற்காலி போடவில்லை, தன் பணியாளின் முதுகில் உட்கார்ந்து சமமாகப் பேசினார் என்ற கதை பலருக்கும் தெரியும்.

இணையத்தில் காணும் நிஜிங்கா படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே. தலையில் கிரீடம், ஒரு தோள் மூடாத உடை, சாந்தமான பார்வை. அதை வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் அஷீல் தெவேரியா, வரைந்த காலம் 1830. ராணி இறந்து ஏறக்குறைய 170 ஆண்டுக்குப் பிறகு, பாரிஸில் உட்கார்ந்து வரைந்த கல்லச்சுப் படம் அது. அவருக்கு நிஜிங்காவின் முகம் தெரிய வழியே இல்லை.

நிஜிங்காவை நேரில் பார்த்துப் படம் வரைந்தவரும் இருக்கிறார். கவாட்சி என்ற இத்தாலியப் பாதிரியார், ராணியின் கடைசிக் காலத்தில் அரசவையில் இருந்தவர். அவருடைய கையெழுத்துப் பிரதியில் வண்ணப் படங்கள் உள்ளன. தேர்ந்த ஓவியரின் கை இல்லை, முகங்கள் எளிமையானவை. போதாததற்கு, ராணியின் பழைய வழிபாட்டையும் வாழ்க்கையையும் வெறுத்து எழுதியவர் அவர். ஆனால் உடை, ஆயுதம், உட்காரும் விதம் பற்றி அந்தக் கோணல்மாணலான படங்கள் சொல்வதை தெவேரியாவின் அழகான படம் சொல்லாது. புதிதாக வரைய நினைப்பவர் எதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மன்சா மூசாவும் இதே கதைதான். தங்கக் கிரீடமும் கையில் தங்க உருண்டையுமாக அவர் உட்கார்ந்திருக்கும் படம் 1375ஐ ஒட்டி மயோர்க்கா தீவில் செய்யப்பட்ட ஒரு வரைபடத்தில் இருக்கிறது. அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு அருகில் ஆகியிருந்தது. 1324இல் அவர் மெக்கா போன வழியில் வாரி இறைத்த தங்கத்தின் புகழ்தான் அங்கே படமாகியிருக்கிறது.

சொந்த மக்களே செய்துவைத்த முகங்களும் உண்டு. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் நாட்டின் ராஜமாதா இடியாவை 16ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தில் செதுக்கினார்கள். நெற்றியில் செங்குத்தான கோடுகள், தாழ்ந்த இமைகள், தலையைச் சுற்றித் தாடி வைத்த போர்த்துகீசியரின் சின்னஞ்சிறு தலைகள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனினைச் சூறையாடியபோது கொள்ளைபோன அந்த முகமூடிகளில் ஒன்று லண்டனிலும் ஒன்று நியூயார்க்கிலும் இருக்கின்றன. அந்த முகம் இலட்சிய முகம். வயது தெரியாது, சோர்வு தெரியாது. ராஜமாதா என்ற பதவிக்கு உரிய முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அதைக் கணினியில் போட்டு "நிஜ இடியா" என்று தோலும் ரோமமும் சேர்க்கும்போது, சிற்பி வேண்டுமென்றே விலக்கி வைத்ததை நாம் திணிக்கிறோம்.

சுருக்கமாக: பழைய படம் இருக்கிறது என்பதோடு நிற்கக் கூடாது. யார், எப்போது, ஆளைப் பார்த்து வரைந்தாரா, எதற்காக வரைந்தார் என்று கேட்கவேண்டும்.

பெயரை மட்டும் வைத்து வரையும் இயந்திரம்

மூன்றாவது வேலையில்தான் இப்போது கூட்டம் அதிகம். படம் வரையும் ஏஐ எப்படி வேலை செய்கிறது? அந்தக் காலத்து டிவியில் ஆன்டெனா திரும்பிவிட்டால் திரை முழுக்கப் புள்ளிமழை பெய்யும் இல்லையா? கோடிக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் அப்படிப்பட்ட புள்ளிமழையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கெடுத்து, கெட்ட படத்திலிருந்து நல்ல படத்தை மீட்க இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் அது என்ன படம் என்ற குறிப்பும் இருக்கும். பழகி முடித்த இயந்திரத்திடம் வெறும் புள்ளிமழையைக் கொடுத்து, "ஆப்பிரிக்க ராணி" என்று குறிப்பும் கொடுத்தால், அந்தக் குறிப்போடு தான் பார்த்த படங்களின் சாயலில் புள்ளிகளை விலக்கிக்கொண்டே வந்து ஒரு முகத்தில் நிறுத்தும்.

ஆகவே அது தருவது, ராணி என்றால் எப்படி இருப்பார் என்று இணையம் இதுவரை படம்போட்ட விதம். எகிப்து நகை, தென்னாப்பிரிக்கப் பாசிமணி, சினிமா ஒப்பனை எல்லாம் ஒரே கழுத்தில் வந்து உட்காரும். தோலின் துளைகள் இன்றைய போட்டோக்களில் இருந்து கற்றவை. அந்தத் துல்லியத்துக்கும் அந்த மனிதருக்கும் தொடர்பே கிடையாது.

அமனிரெனாஸை எடுத்துக்கொள்வோம். இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டின் அரசி. கி.மு. 25ஐ ஒட்டி ரோமானியரோடு போர். குஷ் படை எகிப்துக்குள் புகுந்து பேரரசர் அகஸ்டஸின் சிலைகளைக் கவர்ந்தது. அப்படி வந்ததாகக் கருதப்படும் ஒரு வெண்கலத் தலை, 1910இல் மெரோயே நகரில் ஒரு கோயில் படிக்குக் கீழே புதைந்து கிடந்தது. நடப்பவர் எல்லாம் அகஸ்டஸை மிதித்துப் போகும்படி. அந்த அரசியின் முகத்தைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு செய்தி. ஸ்ட்ராபோ என்ற கிரேக்க ஆசிரியர் "கண்டாக்கே" என்று குஷ் அரசிகளுக்கு உரிய பட்டத்தால் குறிப்பிட்டு, ஒரு கண் பார்வையற்றவர் என்கிறார். அந்தக் கண்டாக்கே அமனிரெனாஸ்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. இணையத்தில் வரும் அமனிரெனாஸ் படங்கள் பலவற்றில் இரண்டு கண்ணும் பளபளக்கின்றன. இருந்த ஒரே ஆதாரத்தையும் அழித்துவிட்டு அழகு சேர்த்திருக்கிறார்கள்.

மங்கலான பழைய போட்டோவைத் தெளிவாக்கும் மென்பொருளிலும் இதே சிக்கல். 2020இல் அப்படி ஒரு கருவியிடம் ஒபாமாவின் கட்டம் கட்டமாகச் சிதைந்த படத்தைக் கொடுத்தார்கள். தெளிவான ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. கருவி மறைந்ததை மீட்கவில்லை, தனக்குப் பழக்கமான முகத்தை அந்தக் கட்டங்களுக்குள் பொருத்தியது. பெயர் தெரிந்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், முகமே பதிவாகாதவரின் போட்டோவில் பிழையை யார் கண்டுபிடிப்பார்கள்?

தேடினால் கிடைக்கும் முகங்கள்

உருவாக்குவதற்கு முன் தேடவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1891இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பாடகர் குழு பிரிட்டனுக்குப் பயணம் போனது. லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் அவர்களைப் படமெடுத்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகள் ஒரு படக் காப்பகத்தில் 120 ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2014இல் பெரிய அச்சுகளாகக் காட்சிக்கு வந்தன. அந்தக் குழுவில் இருந்தவர்தான் சார்லட் மக்சேகே. பின்னாளில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கப் பெண். இயந்திரம் தேவைப்படவில்லை. யாரோ பெட்டியைத் திறக்கவேண்டியிருந்தது.

சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டாவை 1862இல் லண்டனில் எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் சிறுமியாகச் சிறைபிடிக்கப்பட்டு, விக்டோரியா அரசியிடம் பரிசுப்பொருள்போல ஒப்படைக்கப்பட்டவர். அந்தப் போட்டோவில் அவர் கல்யாண உடையில் நிற்பதை வைத்து 2020இல் ஹன்னா உசோர் என்ற ஓவியர் வண்ணத்தில் வரைந்தார். விக்டோரியாவின் ஆஸ்போர்ன் மாளிகையில் அது வைக்கப்பட்டது. வண்ணம் ஓவியருடையது, முகம் சாராவுடையது. பார்ப்பவருக்கும் அது தெரியும்.

உடையைப் பற்றி நடந்த ஒரு பேச்சு

அயூபா சுலைமான் தியாலோ இன்றைய செனகலில் புந்து என்ற நாட்டைச் சேர்ந்தவர், இஸ்லாமிய அறிஞர் குடும்பம். 1731இல் பிடிபட்டு, அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாக விற்கப்பட்டார். 1733இல் லண்டனுக்கு வந்தார், அங்கேயே விடுதலையும் கிடைத்தது. குர்ஆனை நினைவிலிருந்தே எழுதக்கூடியவர் என்பதைப் பார்த்து வியந்த நண்பர்கள், ஊர் திரும்புவதற்குள் அவரைப் படமாக்கி வைக்க ஆசைப்பட்டார்கள். உருவப் படம் வழிபாடாகிவிடும் என்று முதலில் மறுத்தார். ஞாபகத்துக்காகத்தான் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

வில்லியம் ஹோர் என்ற ஓவியர் முகத்தை வரைந்து முடித்துவிட்டு, எந்த உடையில் வரையட்டும் என்று கேட்டார். என் நாட்டு உடையில், என்றார் தியாலோ. நான் அதைப் பார்த்ததில்லையே, பார்த்தவர் யாராவது சொன்னால்தான் வரைய முடியும் என்றார் ஓவியர். பார்க்காத உடையை உங்களால் வரைய முடியாதென்றால், யாருமே பார்க்காத கடவுளை மட்டும் சில ஓவியர்கள் எப்படி வரையத் துணிகிறார்கள் என்று தியாலோ திருப்பிக் கேட்டார்.

படத்தில் அவர் வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக இருக்கிறார். கழுத்தில் குர்ஆன் தொங்குகிறது.